கடிகாரம் பின்தங்கிய கணினி

“ஆன் ஆகுது, ஆனா ஆக மாட்டேங்குது” என்று அப்பா போனில் சொன்னபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால், அந்தக் கணினிக்கு வந்த கோளாறை அதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், விண்டோஸ் சின்னம்கூட வரும். அப்புறம் ஒரு நொடி நீலமாக ஏதோ மின்னி மறையும். மறுபடியும் முதலிலிருந்து. நாம் நிறுத்தும்வரை இதே சுற்று.

பன்னிரண்டு வருடப் பழைய மேசைக் கணினி அது. விண்டோஸ் 7 போட்டது. பணி ஓய்வுக்குப் பிறகு அப்பா தன் நினைவுகளை அதில்தான் எழுதிவந்தார். தாத்தா, பாட்டி, தான் படித்த காலம், அம்மாவைப் பெண் பார்க்கப் போன நாள் என்று ஏழு வருட எழுத்து. எல்லாமே பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. “வேறெங்கயாவது காப்பி இருக்காப்பா?” என்று கேட்டேன். “எல்லாம் கம்ப்யூட்டர்லயே பத்திரமா இருக்கே” என்றார். அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நான் போய்ச் சேருவதற்குள், கணினி பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, ஃபார்மட் செய்து பார்க்கலாம், இல்லையென்றால் புதுசுதான் என்று சொல்லியிருக்கிறார். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: “ஃபார்மட்னா உள்ள இருக்கிறதெல்லாம் போயிடுமா?” ஆமாம் என்றதும், “அப்ப வேண்டாம், பையன் வரட்டும்” என்று அனுப்பிவிட்டார். அன்று அவர் வேண்டாம் என்று சொன்னதால்தான் அந்த ஏழு வருட எழுத்து மிஞ்சியது.

‘ஆன் ஆகவில்லை’ என்று யார் சொன்னாலும், எதுவரை போய் நிற்கிறது என்று கேட்பதுதான் முதல் வேலை என்பதை இந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். கணினி படிப்படியாகத்தான் எழுகிறது. முதலில் பவர் சப்ளை மின்சாரம் கொடுக்க வேண்டும். அடுத்து, பாகங்களையெல்லாம் இணைக்கும் மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரல் விழித்து, நினைவகம் (ராம்), திரை, விசைப்பலகை எல்லாம் இருக்கின்றனவா என்று தலை எண்ணும். பிறகு எந்த வட்டிலிருந்து (ஹார்ட் டிஸ்க்) தொடங்குவது என்று தேடும். அந்த வட்டில் உள்ள சிறிய தொடக்க நிரல் விண்டோஸை எழுப்பும். விண்டோஸ், பாகங்களோடு பேச உதவும் சிறு நிரல்களான டிரைவர்களை ஒவ்வொன்றாக ஏற்றி, கடைசியில்தான் நமக்கு முகம் காட்டும். எந்தப் படியில் நிற்கிறதோ, அதற்கு முந்தைய படிகள் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லையா? விண்டோஸைப் பற்றி யோசித்துப் பயனில்லை. சுவர் ஸ்விட்ச், பவர் கேபிள், கேபினெட்டின் பின்பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்விட்ச், பவர் சப்ளை, இந்த வரிசையில் பாருங்கள். ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறதா? பவர் சப்ளை தளர்ந்திருக்கலாம், அல்லது எங்கோ ஷார்ட் ஆகியிருக்கலாம். ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் கருப்பு என்றால் நினைவகம், கிராஃபிக்ஸ் கார்டு, திரைக் கேபிள். விண்டோஸ் சின்னம் வந்தபின் விழுகிறதென்றால் வட்டு, டிரைவர், பயாஸ் அமைப்பு.

அப்பாவின் கணினி இதில் கடைசி வகை. இவ்வளவு தெளிவாக இருந்தும் முதல் நாள் மாலை நான் அவசரப்பட்டேன். விண்டோஸ் தானாகக் காட்டிய ‘ஸ்டார்ட்டப் ரிப்பேர்’ என்ற வழியை மூன்று முறை ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் நெடுநேரம் தேடிவிட்டு, தானாகச் சரிசெய்ய முடியவில்லை என்றே சொன்னது. கோளாறு விண்டோஸுக்குள் இருந்தால்தானே அது சரிசெய்யும்? இது அப்போது எனக்குப் படவில்லை.

அடுத்து வட்டைச் சோதித்துத் திருத்தும் செக்டிஸ்க் கட்டளையைத் தட்டி, என்டர் அழுத்தப் போனேன். நல்லவேளை, கை நின்றது. செக்டிஸ்க் திருத்தும் வேலையில் இறங்கினால் வட்டில் எழுதவும் செய்யும், வட்டு முழுக்க ஓடவும் செய்யும். உண்மையாகவே தேய்ந்துபோன வட்டாக இருந்தால், கோப்புகளை வெளியே எடுப்பதற்குள் அந்த ஓட்டத்திலேயே அது உயிரை விட்டுவிடலாம். திருத்துவது அப்புறம், எடுப்பது முதலில். அன்றிரவு கணினியை அணைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை நிலைமை இன்னும் மோசம். உள்ளே தூசு தட்டலாம் என்று கேபினெட்டை மேசைக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே வைத்திருந்தேன். பட்டனை அழுத்தியதும் நீலத்திரைகூட வரவில்லை. திரை கருப்பாகவே இருந்தது. உள்ளிருந்து நீளமாக ஒரு ‘பீப்’, நிறுத்தி மறுபடியும் ஒரு ‘பீப்’. அப்பா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் நின்றதுதான் என்னை அதிகம் பதற வைத்தது.

அந்த பீப் சத்தம் ஒரு மொழி. திரை வேலை செய்யாத நிலையில் பயாஸ் நம்மிடம் பேச அதற்குப் பெரும்பாலும் இருக்கும் ஒரே வாய். ஆனால் பயாஸ் தயாரித்த நிறுவனத்துக்கு நிறுவனம் அர்த்தம் மாறும். ஒரு நீள பீப்பும் இரண்டு குட்டி பீப்பும் வந்தால், அவார்டு என்ற நிறுவனத்தின் பயாஸில் அது திரை சம்பந்தப்பட்ட கோளாறு. அதே சத்தத்துக்கு எல்லாக் கணினியிலும் அதே பொருள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் மதர்போர்டின் பெயரையும் மாடல் எண்ணையும் பார்த்து, அதன் கையேட்டில் தேடுவதுதான் சரி. அந்த எண் மதர்போர்டின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் கணினியின் நீள பீப் நினைவகத்தைக் குறித்தது. இழுத்து நகர்த்தியதில் ஏற்கெனவே அரைகுறையாக இருந்த தொடர்பு விட்டுப்போயிருந்தது.

கேபினெட்டைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஆன் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். மதர்போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் அதில் வடியும். பிறகு கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு உள்ளே கை வைத்தால், நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் பாகங்களைத் தாக்காது. பவர் சப்ளை பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள். கேபிளைப் பிடுங்கிய பிறகும் அதனுள் இருக்கும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கலாம்.

உள்ளே தூசு கம்பளம்போலப் படிந்திருந்தது. பிராசஸர் ஃபேனின் இறக்கைகளுக்கு இடையில் பஞ்சுபோல அடைத்துக்கொண்டிருந்தது. மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டேன், அது தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும். மதர்போர்டில் நிற்கும் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ போர்டு கெட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். 2000-களின் முதல் சில வருடங்களில் தயாரான பல போர்டுகளில் தரம் குறைந்த கெப்பாசிட்டர்கள் இருந்ததால் இப்படி உப்பிச் செத்தவை ஏராளம். எங்களுடையது அதற்குப் பிந்தையது. எல்லாம் தட்டையாகவே இருந்தன.

நினைவகம் இரண்டு துண்டுகளாக இருந்தது. இரு ஓரத்திலும் உள்ள பிடிகளைத் தள்ளியதும் மேலே எழுந்தது. அதன் அடிவிளிம்பில் வரிசையாக இருக்கும் தங்கநிறப் பற்கள் மங்கிப்போயிருந்தன. அப்பாவின் மேசையில் இருந்த வெள்ளை ரப்பரை எடுத்து, பற்களின் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்தேன். ரப்பர் கருத்தது, பற்கள் பளிச்சென்று ஆயின. ரப்பர் துகள்கள் ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது; அது ஸ்லாட்டுக்குள் போனால் புதுக் கோளாறு. பருத்தித் துணியால் துடைத்தேன். பிறகு ஒரு துண்டை மட்டும், வெட்டு இருக்கும் இடம் பொருந்துகிறதா என்று பார்த்து, இரு ஓரப் பிடிகளும் ‘கிளிக்’ என்று தானாகப் பூட்டிக்கொள்ளும்வரை அழுத்தினேன். இந்தக் கிளிக் கேட்காமலே பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு துண்டோடு ஆன் செய்து பார்த்து, அணைத்துவிட்டு, அடுத்த துண்டை மட்டும் போட்டுப் பார்த்து, கடைசியில் இரண்டையும் சேர்த்தேன். பீப் நின்றது. திரையில் எழுத்து வந்தது. அப்புறம் பழைய நீலமும் வந்தது.

எனக்கு அப்போது நீலத்தைப் பார்த்துச் சந்தோஷம். இரண்டு கோளாறுகள் இருந்ததில் ஒன்று கழிந்துவிட்டதே.

அடுத்தது கோப்புகள். இதற்கு லினக்ஸ் லைவ் யு.எஸ்.பி.தான் என் கைமருந்து. வேறொரு கணினியில், விண்டோஸைப்போல இன்னோர் இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, பழுதான கணினியை அந்தப் பென் டிரைவிலிருந்தே எழுப்பலாம். நாம் நிறுவச் சொல்லாத வரை உள்ளே இருக்கும் வட்டில் அது எதையும் நிறுவாது. ஆன் செய்தவுடன் எஃப் 12, எஃப் 11, எஃப் 8, எஸ்கேப் என்று கணினிக்குக் கணினி மாறும் ஒரு விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். முன்பக்க யு.எஸ்.பி. துளையில் செருகியபோது எங்கள் கணினிக்குப் பென் டிரைவ் தெரியவில்லை. பின்பக்கத்தில், மதர்போர்டோடு நேராக இணைந்த துளையில் செருகியதும் தெரிந்தது.

லினக்ஸ் எழுந்தது. வட்டைத் திறந்தேன். அப்பாவின் ஃபோல்டர், அதற்குள் வருட வாரியாகக் கோப்புகள். எல்லாம் இருந்தன. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்.

வட்டின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரங்களையும் அங்கேயே பார்த்தேன். நீண்ட பட்டியலில் நான் தேடியது இரண்டே வரிகள்: 5-ஆம் எண், கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (வட்டின் சிறு பகுதிகள்); 197-ஆம் எண், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். இரண்டும் பூஜ்ஜியம். ‘டிஸ்க் போய்விட்டது’ என்ற முடிவு தவறு என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒருவேளை 197-இல் எண்ணிக்கை ஏறியிருந்தாலோ வட்டு ‘டக் டக்’ என்று தட்டியிருந்தாலோ நான் கோப்பு கோப்பாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். மிக முக்கியமானதை உடனே எடுத்துவிட்டு நிறுத்தியிருப்பேன். தட்டும் வட்டைத் திரும்பத் திரும்ப ஆன் செய்வதே அதைக் கொல்லும்.

நகலெடுத்து முடித்ததும் ஒரு கோப்பை என் மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். ஒரு வரி தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டிக் கிடந்தன. கோப்பு கெட்டுவிட்டதோ என்று ஒரு கணம் பதறினேன். கெடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துதான். எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’கூட நான்கு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். திரும்பப் போய், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் முழுசாக எடுத்துக்கொண்டேன். வீட்டுப் பெரியவர்கள் வருடக்கணக்காகத் தமிழில் தட்டி வைத்த கணினி உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து கோப்போடு எழுத்துருவையும் எடுத்து வையுங்கள்.

நகல் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் திரையின் மூலையைக் கவனித்தேன். இணையத்தில் இணைக்கவில்லை, ஆகவே மதர்போர்டு சொன்ன நேரத்தையே லினக்ஸ் காட்டிக்கொண்டிருந்தது. 2009, ஜனவரி 1.

சில மாதங்களுக்கு முன் அப்பா போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. “தினமும் காலைல டைம் பின்னாடி போயிருக்குப்பா, நானே சரி பண்ணிக்கிறேன்.” நான் ‘சரிப்பா, பாத்துக்கலாம்’ என்று சொல்லிவிட்டு மறந்தும் போனேன். உடனே அவரிடம் கேட்டேன்: “நீல ஸ்கிரீன் வர்றதுக்கு முன்னாடி, முதல் முதல்ல என்ன வந்துச்சுப்பா?” யோசித்துச் சொன்னார். அக்கா வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்து ஆன் செய்தபோது, கருப்புத் திரையில் வெள்ளையாக ஏதோ எழுதி எஃப் 1 அழுத்தச் சொன்னதாம். அழுத்தினாராம். அதற்குப் பிறகுதான் எல்லாம். பயாஸ் அமைப்புகள் தொலைந்துவிட்டன, ஆரம்ப நிலை அமைப்புகளை ஏற்றியிருக்கிறேன் என்பதற்கான அறிவிப்புதான் அது.

முழுக் கதையும் அங்கே விளங்கியது. மதர்போர்டில் காசு வடிவத்தில் ஒரு சின்ன லித்தியம் பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சி.ஆர். 2032 வகை, 3 வோல்ட். கடிகாரம் ஓடவும் பயாஸ் அமைப்புகள் நினைவில் நிற்கவும் அதுதான் ஆதாரம். கணினி அணைந்திருந்தாலும் சுவர் ஸ்விட்ச் போட்டபடி இருந்தால் பவர் சப்ளையின் காத்திருப்பு மின்சாரம் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். பேட்டரி தளர்ந்தது வெளியே தெரியாது. அப்பா இரவில் சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிடுவார். அதனால்தான் முதலில் கடிகாரம் பின்தங்கியது. இரண்டு மாதம் ஸ்விட்ச் அணைந்தே கிடந்தபோது பேட்டரி தீர்ந்து அமைப்புகளும் அழிந்தன.

அதற்கும் விண்டோஸ் விழுவதற்கும் என்ன சம்பந்தம்? விண்டோஸின் தொடக்கப் பட்டியலில் எஃப் 8 அழுத்தி, கோளாறு வந்தால் தானாக மறுதொடக்கம் செய்யாதே என்ற வழியைத் தேர்ந்தெடுத்தேன். நீலத்திரை இப்போது அப்படியே நின்றது. அடியில் இருந்த பிழை எண் 7பி என்று முடிந்தது. தொடக்க வட்டை அணுக முடியவில்லை என்று பொருள். (விண்டோஸ் 8 முதல் எஃப் 8 வழக்கமாக வேலை செய்யாது. அப்படிப்பட்ட கணினியில் நீலம் மின்னும் நொடியைக் கைபேசியில் வீடியோ எடுத்து நிறுத்திப் படிக்கலாம்.) வட்டோடு பேசுவதற்கு பயாஸில் இரண்டு முறைகள் உண்டு: பழைய ஐ.டி.இ., புதிய ஏ.எச்.சி.ஐ. விண்டோஸ் 7 எந்த முறையில் நிறுவப்பட்டதோ அதற்கான டிரைவரைத்தான் தொடக்கத்திலேயே ஏற்றும். எங்கள் கணினியில் ஏ.எச்.சி.ஐ. முறையில் நிறுவியிருந்தார்கள், பேட்டரி தீர்ந்ததும் பயாஸ் ஆரம்ப நிலையான ஐ.டி.இ.க்குப் போய்விட்டது. லினக்ஸிடம் இரண்டு டிரைவரும் தயாராக இருந்ததால் அதற்கு வட்டு தெரிந்தது, விண்டோஸுக்குத் தெரியவில்லை.

பேட்டரியின் பக்கத்திலிருந்த சிறு கொக்கியை நகத்தால் தள்ளியதும் அது துள்ளி வெளியே வந்தது. மல்டிமீட்டரில் வைத்தேன்: 1.9 வோல்ட். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்தேன். பயாஸுக்குள் போய் தேதி, நேரம், முதலில் எந்த வட்டு என்பதை அமைத்து, சாட்டா (வட்டு இணைப்பு) முறையை ஏ.எச்.சி.ஐ. ஆக்கி, சேமித்து வெளியேறினேன். ஒற்றை வட்டு உள்ள கணினியில் இந்த இரண்டுக்கும் இடையே மாற்றிப் பார்ப்பதால் கோப்புகள் அழியாது. தவறான முறையாக இருந்தால் அதே நீலம் வரும், திருப்பி மாற்றிக்கொள்ளலாம். பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு என்று அமைத்திருந்த கணினியாக இருந்தால் மட்டும் விவரம் தெரிந்தவர் இல்லாமல் அந்த இடத்தைத் தொடாதீர்கள்.

விண்டோஸ் சின்னம் வந்தது. நாங்கள் இருவரும் பேசவில்லை. சின்னம் மறைந்து, அப்பா வைத்திருந்த அம்மாவின் படம் திரை முழுக்க வந்தது.

அதன்பின் நினைவகத்தை மெம்டெஸ்ட் நிரலால் ஓர் இரவு முழுக்கச் சோதித்தேன். பிழை எதுவும் இல்லை. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது என்பதால் இணையக் கேபிளைக் கழற்றிவிட்டேன். அப்பாவுக்கு அதில் எழுத மட்டும் போதும். பழைய கோப்புகளை, எழுத்துரு மாற்றும் நிரல் ஒன்றின் வழியாக, தனி எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடுக்குக் கொண்டுவருகிறோம். ‘ஸ்ரீ’யும் சில மேற்கோள் குறிகளும் அங்கங்கே உடைகின்றன, அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் அப்பா மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்த பிறகே அடுத்ததற்குப் போகிறோம். நகல்கள் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒன்று அக்கா வீட்டில்.

பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டேன். சாட்டா முறை, தொடக்க வரிசை, பேட்டரி மாற்றிய தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அப்பா அதை வாங்கி, தன் கையெழுத்தில் இன்னும் பெரிதாக எழுதி, கேபினெட்டின் பக்கவாட்டில் ஒட்டினார். கீழே தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘மணி பின்தங்கினால் உடனே சொல்லவும்.’